தகடூர் மண்ணில் தாமஸ் மன்றோ

முன்னுரை



காரிமங்கலத்தில் செவ்வாய்தோறும் கூடும் சந்தையை அறியாதார் தருமபுரி மாவட்டத்தில் இலர். ஆடும் மாடும் தேங்காயும் கைமாறும் அச்சந்தையில் நின்று நிமிர்ந்து பார்த்தால் குன்றின்மேல் அருணேசுவரர் கோயில் தெரியும். ஊரை ஒட்டிச் செல்லும் பெருஞ்சாலையில் ஓசூருக்கும் பெங்களூருக்கும் வேலை தேடிச் செல்லும் இளைஞர்களைச் சுமந்துகொண்டு பேருந்துகள் விரையும். விற்பவன், வாங்குபவன், கடன் கொடுப்பவன், உழைப்பை விற்கச் செல்பவன் ஆகிய நால்வரையும் ஒரே இடத்தில் காட்டும் ஊர் எம் ஊர்.

இவ்வூர்ப் பகுதியை இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் 'பாராமகால்' என்று வழங்கினர். இன்றைய தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் பெரும்பகுதி அப்பெயருக்குள் அடங்கும். இம்மண்ணில் ஏழாண்டுகள் தங்கி, வயல் வயலாக நடந்து, உழவரின் கணக்கையும் நெசவாளரின் கண்ணீரையும் அருகிருந்து கண்டவர் ஒருவர் பின்னாளில் சென்னை மாகாண ஆளுநரானார். அவரே சர் தாமஸ் மன்றோ. சென்னைத் தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் வெண்கலச் சிலையாக அவரைப் பலரும் அறிவர். அச்சிலைக்குரிய மனிதர் பாடம் பயின்ற இடம் நம் தகடூர் நாடு என்பதை அறிந்தோர் சிலரே. அவர்தம் வாழ்வை, பணமும் உழைப்பும் உலக அளவில் எவ்வாறு ஒன்றையொன்று இழுத்துச் செல்கின்றன என்னும் நோக்கில், இக்கட்டுரையில் காண முயல்வோம்.

புகையிலைக் கணக்கும் கப்பற் பயணமும்

மன்றோ 1761 மே 27 அன்று ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தந்தை அலெக்சாண்டர் மன்றோ ஒரு வணிகர். அமெரிக்காவின் வர்ஜீனியாப் பகுதியில் விளைந்த புகையிலையே அந்நாளில் கிளாஸ்கோ நகரின் செல்வம். அங்குள்ள தோட்டக்காரர்க்குக் கடனாகப் பொருள் கொடுப்பதும், அறுவடைக் காலத்தில் புகையிலையாக அக்கடனை ஈடு செய்துகொள்வதும் கிளாஸ்கோ வணிகர் வழக்கம். அத்தோட்டங்களில் வியர்வை சிந்தியோர் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட மக்கள் என்பதையும் இங்கே மறத்தல் ஆகாது.

1775-இல் அமெரிக்க விடுதலைப் போர் மூண்டது. கடல் கடந்து நின்ற கடன்கள் திரும்பி வரவில்லை. வணிகர் பலர் நொடித்தனர். மன்றோவின் தந்தையும் அவர்களுள் ஒருவரானார். பல்கலைக்கழகத்தில் கணிதமும் வேதியியலும் விரும்பிக் கற்றவரும், 'டான் குவிக்சோட்' என்னும் நூலை மூலத்திலேயே படிப்பதற்காக ஸ்பானிய மொழியைத் தாமே பயின்றவருமான இளைஞர் மன்றோ, ஒரு வணிக நிலையத்தில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். குடும்பம் தளர்ந்தபின் அவ்வழியும் அடைபட்டது. கிழக்கிந்தியக் கம்பெனியின் காலாட்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்து, 1780 சனவரியில் சென்னையில் வந்திறங்கினார். அப்போது அவருக்கு வயது பதினெட்டு.

அமெரிக்காவில் தொடங்கிய போர் கிளாஸ்கோவில் ஒரு கடையை மூடிற்று; அக்கடை மூடியதால் தகடூருக்கு ஓர் அதிகாரி வந்தார். உலகம் ஒரு சந்தையாகிவிட்டது என்று இன்று பேசுகிறோம். அன்றும் நிலைமை இதுவே. செய்தி வந்து சேரத்தான் ஆறு மாதம் பிடித்தது.

மன்றோ தம் சிறிய ஊதியத்திலும் ஒரு பகுதியை மிச்சம் பிடித்து முதிய பெற்றோர்க்கு அனுப்பிவந்தார். வளைகுடா நாடுகளிலிருந்து வரும் பணத்தை எதிர்பார்த்துத் தபால்காரர் வரும் வழியைப் பார்த்திருந்த வீடுகள் நம் சமுதாயத்தில் எத்தனை எத்தனை! பிழைப்புக்காகக் கடல் கடந்த பிள்ளையின் மனம் எந்நாட்டிலும் ஒன்றே. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. நம் பிள்ளைகள் வேலைக்காரராகச் செல்கின்றனர். அவரோ ஆளவந்த கம்பெனியின் ஆளாக வந்தார். இவ்வேறுபாட்டை மனத்திலிருத்தியே மேலே செல்ல வேண்டும்.

பாரசீகக் கதையில் ஒரு கடன் பத்திரம்

சென்னைக்கு வந்த சில மாதங்களில் ஐதர் அலியுடன் போர் தொடங்கியது. 1784 வரை மன்றோ போர்க்களத்தில் இருந்தார். போர் ஓய்ந்த காலத்தில் பாரசீகமும் இந்துஸ்தானியும் கற்றார். பிற படை அலுவலர் சூதாட்டத்திலும் விருந்திலும் பொழுதைக் கழிக்க, இவர் ஓலை விளக்கொளியில் சுவடிகளைப் புரட்டினார் என்று கற்பனை செய்து பார்ப்பதில் பிழையில்லை. அக்கல்வியின் பயன் நமக்குக் கிடைத்திருக்கிறது.

ஒரு பாரசீகச் சுவடியில் அவர் கண்ட கதை ஒன்று இலக்கிய உலகிற் குறிப்பிடத்தக்கது. கடன் வாங்கிய ஏழை முஸ்லிம் ஒருவன், குறித்த நாளில் பணம் திருப்பித் தராவிட்டால் தன் உடம்பிலிருந்து ஒரு பவுண்டு தசையைத் தருவதாக ஒப்புக்கொள்கிறான். வழக்கு சிரியா நாட்டுக் காஜி ஒருவரிடம் செல்கிறது. எடை சிறிதும் கூடாமலும் குறையாமலும் அறுத்துக்கொள்ளுமாறு காஜி தீர்ப்பளிக்கக் கடன் கொடுத்தவன் பின்வாங்குகிறான். ஷேக்ஸ்பியரின் 'வெனிஸ் வணிகன்' நாடகத்தை அப்படியே நினைவூட்டும் இக்கதையை மன்றோ மொழிபெயர்த்து அனுப்பினார். எட்மண்ட் மலோன் 1790-இல் வெளியிட்ட ஷேக்ஸ்பியர் பதிப்பில் அது இடம்பெற்றது. ஒப்பிலக்கியம் என்னும் துறை நம் கல்லூரிகளில் கால்கொள்வதற்கு நெடுங்காலம் முன்பே ஓர் இளம் படைவீரர் செய்த ஒப்பாய்வு அது.

கடனுக்கு உடலையே ஈடாக வைத்த அக்கதையைச் சுவடியிற் படித்த அவர், பத்தாண்டுக்குள் அதனை வேறொரு வடிவில் தம் கண்ணெதிரே காண நேர்ந்தது. கண்ட இடம் நம் பாராமகால்.

பாராமகாலில் ஏழாண்டுகள்

1790-இல் தொடங்கிய மூன்றாம் மைசூர்ப் போர் 1792 மார்ச்சில் சீரங்கப்பட்டண உடன்படிக்கையுடன் முடிந்தது. திப்பு சுல்தான் தம் நாட்டின் பாதியை விட்டுக்கொடுத்தார்; 3 கோடியே 30 லட்சம் ரூபாய் தண்டம் செலுத்த இசைந்தார். அத்தொகைக்கு ஈடாக அவர்தம் மைந்தர் இருவர் பிணையாக ஒப்படைக்கப்பட்டனர். இராபர்ட் ஹோம் என்னும் ஓவியர் அக்காட்சியைத் தீட்டினார். கானவாலிஸ் பிரபு கைநீட்டிச் சிறுவர்களை வரவேற்பதாக அவ்வோவியம் அமைந்துள்ளது. பொன்னுக்கு ஈடாகப் பிள்ளைகளைப் பெற்ற செயலை அருட்செயலாகக் காட்டும் ஆற்றல் தூரிகைக்கு உண்டு. ஓவியத்தைக் காண்போர் அதன் அழகோடு அதன் கணக்கையும் காண வேண்டும்.

அவ்வுடன்படிக்கையால் பாராமகால் கம்பெனியின் கைக்கு வந்தது. அதே 1792-இல் தாமஸ் டேனியலும் அவர் உறவினர் வில்லியம் டேனியலும் இவ்வழியே பயணம் செய்து, இராயக்கோட்டை முதலிய நம் மலைக்கோட்டைகளை வரைந்தனர். பின்னர் அவை பெரும்புகழ் பெற்ற 'கீழ்த்திசைக் காட்சிகள்' தொகுதியில் இடம்பெற்றன. ஓவியர் பாறையையும் கோட்டையையும் வரைந்து சென்றனர். பாறையடியில் கேழ்வரகு விதைத்தவனின் கணக்கை எழுத வேறு நால்வர் வந்தனர். கேப்டன் அலெக்சாண்டர் ரீடு தலைமையில் மன்றோ, மெக்லியாட், கிரகாம் ஆகிய அந்நால்வரும் படைத்துறையினரே. நாட்டு மொழி அறிந்தோர் என்பதே அவர்களைத் தெரிவு செய்ததற்குக் காரணம்.

தருமபுரியை இருப்பிடமாகக் கொண்ட மன்றோ, ஆண்டின் பெரும்பகுதியைக் கூடாரத்திலேயே கழித்தார். பொழுது விடிந்ததும் ஊரார் கூடாரத்தைச் சூழ்ந்துகொள்வர். வரப்புத் தகராறு, வறண்ட கிணறு, இறந்துபோன காளை, கூட்டி எழுதப்பட்ட வரி என ஒவ்வொருவரும் ஒரு குறை சொல்வர். மணியக்காரரும் கணக்கரும் சொல்வதை அப்படியே ஏற்காமல், உழவனை நேரிற் கேட்டு எழுதும் முறை இங்கேதான் உருப்பெற்றது. புன்செய், நன்செய், தோட்டம் எனப் பிரித்து, வயல் வயலாக அளந்து, ஒவ்வோர் உழவனுக்கும் தனித்தனியே வரி குறித்துப் பட்டா கொடுக்கும் இம்முறையே பின்னர் 'இரயத்துவாரி' எனப் பெயர் பெற்றது. வித்திட்டவர் ரீடு, வளர்த்து நிலைநிறுத்தியவர் மன்றோ. இன்றும் நாம் பட்டாவுக்கு அலைவதும், ஜமாபந்திக்கு மனுக் கொடுப்பதும் அன்று தொடங்கிய வழியின் தொடர்ச்சியே.

அதே வேளையில் வங்காளத்தில் 1793-இல் கானவாலிஸ் நிலையான நிலவரித் திட்டத்தைப் புகுத்தி, ஜமீன்தார்களை நிலத்தின் உடைமையாளர் ஆக்கினார். அரசுக்கும் உழவனுக்கும் இடையே ஒரு பெருநிழல் விழுந்தது. அந்நிழல் வேண்டாம் என்பது மன்றோவின் கொள்கை. எனினும், 1799-இல் அவர் இப்பகுதியை விட்டுச் சென்ற சில ஆண்டுகளில் அத்திட்டம் இங்கும் புகுந்தது. நிலங்கள் 'மிட்டா'க்களாகப் பிரிக்கப்பட்டு ஏலம் விடப்பட்டன. ஏலம் எடுத்தோர் பலர் தொகை கட்ட இயலாது வீழ்ந்தனர். 'மிட்டாதார்' என்னும் சொல் எம் பக்கத்து முதியோர் வாயில் வழங்கக் காரணம் அந்த ஏலமே.

தருமபுரியில் மன்றோ ஒரு வீடும் தோட்டமும் அமைத்திருந்தார். அதனைப் பிரிய நேர்ந்தபோது அவர் உள்ளம் வருந்தியதைத் தம் வீட்டார்க்கு எழுதிய கடிதங்களில் புலப்படுத்தியுள்ளார். பகைவராயினும் மைசூர் அரசின் ஒழுங்கை அவர் மறைக்கவில்லை. ஐதரின் ஆட்சியில் குலப்பெருமைக்கு இடமின்றித் திறமைக்கு இடம் இருந்ததை அவர் எடுத்துக் காட்டினார். அந்த ஒழுங்கே கம்பெனிக்கு அச்சம் தருவது என்பதும், ஆதலால் அவ்வரசை வீழ்த்த வேண்டும் என்பதும் அவர் கருத்து. பகைவன் பெருமையை அறிந்த பகைவர் அவர்.

தறியின் அருகே ஒரு சேவகன்

பாராமகாலில் மன்றோ கண்டவற்றுள் நம் நெஞ்சை உலுக்குவது நெசவாளர் நிலை. 1813-இல் கம்பெனியின் உரிமைச் சாசனத்தைப் புதுப்பிப்பது பற்றி ஆராய்ந்த இங்கிலாந்து நாடாளுமன்றக் குழுவின்முன் அவர் சான்று அளித்தார். அப்போது பாராமகால் நெசவாளர் செய்தியை அவர் வெளிப்படையாகக் கூறினார். கம்பெனியின் வணிகப் பணியாளர் முதன்மையான நெசவாளர்களை ஓரிடத்தில் கூட்டுவர். கம்பெனிக்கு மட்டுமே துணி தருவோம் என்று ஒப்பந்தம் செய்யும் வரை அவர்களைக் காவலில் வைப்பர். முன்பணம் கொடுப்பர். ஒருமுறை அம்முன்பணத்தைத் தொட்டவன் அக்கடனிலிருந்து மீள்வது அரிது. துணி நெய்து தரக் காலம் தாழ்ந்தால் கையில் பிரம்புடன் ஒரு சேவகன் அவன் வீட்டுக்கு அனுப்பப்படுவான். அச்சேவகனுக்குரிய நாளொன்றுக்கு ஓர் அணாவையும் நெசவாளியே கொடுக்க வேண்டும். தண்டம் கட்ட இயலாதபோது வீட்டிலிருந்த பித்தளைப் பாத்திரங்களும் பறிபோயின.

தன்னை அடிக்க வந்தவனுக்குத் தானே கூலி கொடுத்த கொடுமை இது! பாரசீகக் கதையின் கடனாளிக்கு ஒரு காஜி கிடைத்தார். பாராமகால் நெசவாளிக்கு வழக்கு மன்றமும் கம்பெனியின் பக்கமே நின்றது. உழைத்தவனின் வியர்வை உலருமுன் கூலியைக் கொடுத்துவிட வேண்டும் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அறிவோம். கூலியை முன்னதாகவே கொடுத்து, அதனாலேயே உழைப்பவனைக் கட்டிப்போடும் தந்திரம் அந்த அறத்துக்கு நேர்மாறானது. முன்பணம் உதவிபோல் தோன்றும். உண்மையில் அது விலங்கு.

அதே குழுவின்முன் மன்றோ வேறு சிலவற்றையும் கூறினார். இந்திய உழவுத் தொழிலாளி மாதம் 4 முதல் 6 ஷில்லிங்கு வரை, அதாவது ஏறத்தாழ இரண்டு மூன்று ரூபாய், ஈட்டுகிறான். இவ்வளவே வருவாயுள்ள மக்கள் இங்கிலாந்தின் கம்பளித் துணிகளை எவ்வாறு வாங்குவர்? மேலும், அவர்கள் தாமே சிறந்த கைவினைஞர். தாம் ஏழாண்டுகள் பயன்படுத்திய ஓர் இந்தியச் சால்வை சிறிதும் நிறம் மாறவில்லை என்றும், ஐரோப்பியச் சால்வையை ஒருவர் இலவசமாகக் கொடுத்தாலும் தாம் போர்த்த விரும்பமாட்டார் என்றும் அவர் சான்று பகர்ந்தார். உழவிலும் கைத்திறனிலும் ஊர்தோறும் உள்ள பள்ளிகளிலும் விருந்தோம்பலிலும் இந்தியர் எவர்க்கும் தாழ்ந்தவரல்லர் என்பதும், நாகரிகம் என்பது கப்பலில் ஏற்றும் சரக்கானால் அதனை இறக்குமதி செய்வதால் இங்கிலாந்தே இலாபம் அடையும் என்பதும் அவர் உரையின் சாரம்.

இவ்விடத்தில் வரலாறு ஒரு விந்தையைக் காட்டுகிறது. மன்றோவின் சொந்த ஊராகிய கிளாஸ்கோ, புகையிலை வணிகம் சரிந்தபின் பருத்தித் தொழிலுக்கு மாறியது. அதன் அண்டை ஊராகிய பெய்ஸ்லியில் காசுமீரச் சால்வைகளைப் போலி செய்து நெய்தனர். நம் நாட்டு மாங்காய் வடிவம் மேலைநாடுகளில் 'பெய்ஸ்லி' என்றே பெயர் பெற்றுவிட்டது. வடிவத்தைப் படைத்தவன் பெயர் மறைந்தது. படியெடுத்த ஊரின் பெயர் நிலைத்தது.

மன்றோவின் கணிப்பு ஓரிடத்தில் பிழைபட்டது. தரத்தில் நம் துணியை வெல்ல முடியாது என்று அவர் எண்ணினார். விலையால் வெல்லலாம் என்பதை எந்திரம் காட்டிற்று. 1813-க்குப் பின் இந்திய வணிகம் தனியார்க்குத் திறந்துவிடப்பட்டது. அந்நாளில் இங்கிலாந்து செல்லும் இந்தியப் பருத்தித் துணிக்கு நூற்றுக்கு அறுபதுக்கும் மேற்பட்ட வரி. இங்கே வரும் ஆங்கிலத் துணிக்கோ மிகச் சிறிய வரி. ஆலைத் துணி கடல்போல் வந்து குவிந்தது. பிரம்புக்கு அஞ்சிய நெசவாளி, பின்னர்ப் பிரம்பும் வராத, வாங்குவோரும் வராத தறியின்முன் அமர்ந்திருந்தான். ஒரு தொழிலாளிக்கு இவ்விரண்டில் எது பெருந்துன்பம் என்று எளிதிற் சொல்ல முடியுமா?

தத்த மண்டலமும் வரிக்குறைப்பும்

1799-இல் திப்பு சுல்தான் வீரமரணம் எய்தியபின், மன்றோ கன்னடக் கடற்கரைப் பகுதிக்கும், 1800-இல் நிசாம் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்த பெல்லாரி, கடப்பைப் பகுதிகளுக்கும் அனுப்பப்பட்டார். 'தத்த மண்டலம்' என்று தெலுங்கர் வழங்கும் அப்பகுதியில் ஏழாண்டுகள் பணியாற்றினார். பாளையக்காரர்களை அடக்கினார், பாராமகாலில் கற்ற அளவை முறையை அங்கே விரிவாக நடைமுறைப்படுத்தினார். ஏழாண்டில் அப்பகுதியின் வருவாய் ஏறத்தாழ 4 லட்சம் பவுனிலிருந்து 6 லட்சம் பவுனாக உயர்ந்தது.

இவ்வுயர்வைக் கம்பெனி பாராட்டிற்று. மன்றோவோ நெஞ்சுறுத்தலுக்கு உள்ளானார். விளைச்சலில் பாதியை நெருங்கும் வரி நெடுங்காலம் நில்லாது என்பதை அவர் உணர்ந்தார். 1807-இல் விடைபெறும்போது, நிலவரியில் நூற்றுக்கு 25 குறைக்க வேண்டும் எனவும், கிணற்றுப் பாசனத் தோட்டங்களுக்கு மேலும் 8 குறைக்க வேண்டும் எனவும் பரிந்துரைத்தார். விளைவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அரசு கொள்ளலாகாது என்பது அவர் கருத்து. போர்ச் செலவில் மூழ்கியிருந்த கம்பெனி உடனே செவிசாய்க்கவில்லை. 1820-இல் அவரே ஆளுநராகி வந்தபின்பே அக்குறைப்பு நடைமுறைக்கு வந்தது.

வரி கொள்ளும் நெறியைப் பாண்டியன் அறிவுடை நம்பிக்குப் பிசிராந்தையார் உணர்த்திய புறநானூற்றுச் செய்தி தமிழ் மாணவர் அறிந்ததே. அறுத்துக் கவளமாக ஊட்டினால் சிறு நிலத்தின் விளைவும் யானைக்குப் பல நாள் உணவாகும். யானையே வயலிற் புகுந்தால் உண்பதினும் மிதித்து அழிப்பதே மிகும். மன்றோ இப்பாடலை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் யானையின் பாகராக இருந்து, அதன் காலடியிற் சிதைந்த கதிர்களைக் கண்டு, கவளமாகக் கொடுங்கள் என்று வேண்டியவர் அவர். யானையை வயலைவிட்டே வெளியேற்ற வேண்டும் என்று அவர் கருதவில்லை. அங்கேதான் அவர் எல்லை நின்றது.

ஆளுநரும் ஆசிரியர் ஊதியமும்

1814-இல் நீதி, காவல் சீர்திருத்தக் குழுவின் தலைவராக மீண்டும் சென்னை வந்தார். மராத்தியப் போரில் படை நடத்தினார். 1820 முதல் 1827 வரை ஆளுநராக இருந்தார். அக்காலத்து அவர் செயல்களுள் இரண்டு நம் கவனத்துக்குரியன.

முதலாவது, கல்விக் கணக்கெடுப்பு. 1822-இல் மாகாணம் முழுவதும் உள்ள நாட்டுப் பள்ளிகளைப் பற்றி விவரம் கேட்டார். வந்த விடைகளைத் தொகுத்தபோது 1 கோடியே 28 லட்சம் மக்களுக்கு 12,498 பள்ளிகளும் அவற்றில் 1,88,650 மாணவரும் இருப்பது தெரியவந்தது. வெள்ளையர் வந்தே எழுத்தறிவித்தனர் என்னும் பொய்யை உடைக்க இன்றும் நாம் எடுத்தாளும் சான்று, ஒரு வெள்ளை ஆளுநர் திரட்டியதே! 1826-இல் ஒவ்வொரு மாவட்டத்திலும் இந்துக்களுக்கு ஒன்றும் முஸ்லிம்களுக்கு ஒன்றுமாக இரு பள்ளிகளும், வட்டந்தோறும் ஒரு பள்ளியும் அமைக்கத் திட்டமிட்டார். மாவட்டப் பள்ளி ஆசிரியர்க்கு மாதம் 15 ரூபாய், வட்டப் பள்ளி ஆசிரியர்க்கு 9 ரூபாய் எனக் குறித்தார். ஆசிரியர்க்கு வயிறார ஊதியம் இல்லாமையே கல்வி தாழக் காரணம் என்பதை அவர் அறிந்திருந்தார். அவர் மறைவுக்குப்பின் அப்பள்ளிகள் கவனிப்பாரின்றித் தளர்ந்து 1836-இல் கைவிடப்பட்டன.

இரண்டாவது, நாட்டு மக்களை உயர்பதவிகளில் அமர்த்தல். 1824 இறுதியில் அவர் எழுதிய நீண்ட குறிப்பில், ஒரு நாட்டு மக்களை அவர்தம் சொந்த நாட்டின் உயர்பதவிகளிலிருந்து விலக்கிவைப்பது அவர்தம் நற்பண்புகளை அழித்துவிடும் என்று எச்சரித்தார். குறைந்த ஊதியம் கொடுத்துவிட்டுக் கையூட்டு வாங்குகிறார்கள் என்று பழிப்பதில் பொருளில்லை என்பதும் அவர் முடிவு. ஆயினும் அவரே 1822-இல் இந்தியாவில் அச்சு உரிமையைத் திறந்துவிடலாகாது என வாதிட்டார். பதவி கொடுக்கலாம், பேச விடலாகாது என்பது அதன் பொருளன்றோ? நல்ல மனமும் ஆதிக்க மனமும் ஒரே நெஞ்சில் குடியிருந்தன.

மறைவும் சிலையும்

பதவியை விட்டுத் தாயகம் திரும்ப நாள் குறித்த நிலையில், தாம் பணியாற்றிய தத்த மண்டலத்து மக்களை ஒருமுறை கண்டுவரப் புறப்பட்டார். பத்திகொண்டா என்னும் ஊரில் வாந்திபேதி கண்டு 1827 சூலை 6 அன்று உயிர் துறந்தார். கூத்தியில் அடக்கம் செய்யப்பெற்ற உடல் பின்னர்ச் சென்னைக் கோட்டையிலுள்ள புனித மேரி ஆலயத்துக்குக் கொணரப்பட்டது. இராயலசீமை மக்கள் தம் பிள்ளைகளுக்கு அவர் பெயரை 'முன்றோலப்பா' என்று இட்டு வழங்கினர். மந்திராலயத்தில் இராகவேந்திரர் அவருக்குக் காட்சி தந்ததாக ஒரு கதையும் உண்டு. கதையின் மெய்ம்மை எவ்வாறாயினும், வரி தண்டிய அதிகாரி ஒருவரை மக்கள் தம் புராணத்துக்குள் சேர்த்துக்கொண்டது உண்மை.

பொதுமக்கள் திரட்டிய நிதியில் சர் பிரான்சிஸ் சான்ட்ரி என்னும் புகழ்பெற்ற சிற்பி வடித்த வெண்கலச் சிலை 1839-இல் சென்னையில் திறக்கப்பட்டது. குதிரைக்குச் சேணமும் அங்கவடியும் இல்லாமையால், சிற்பி மறந்துவிட்டார் என்று ஒரு கதை சென்னையில் நெடுங்காலமாக உலவுகிறது. இலண்டனில் அதே சிற்பி வடித்த நான்காம் ஜார்ஜ் மன்னரின் குதிரைச் சிலையிலும் அவை இல்லை. ஆகவே அது மறதியன்று, சிற்பியின் கலைக்கொள்கை.

முடிவுரை

மன்றோவை நாம் எவ்வாறு மதிப்பிடுவது? வணங்கத்தக்கவர் என்பார் உளர். கொள்ளைக் கூட்டத்தின் நல்ல கணக்கர் என்பாரும் உளர். இரண்டும் முழு உண்மையாகா. தம் தந்தையின் கடையை மூடிய கடன் எத்தகையது என்பதை இளமையில் அறிந்தவர் அவர். பாராமகால் நெசவாளியின் கடனைக் கண்டபோது அதனை மறைக்காது உரைத்தார். ஆனால் அக்கடனைக் கொடுத்த கம்பெனியின் ஊதியத்திலேயே இறுதிவரை வாழ்ந்தார். அவர் உரைத்த சான்றைப் பிற்காலத்தில் உரொமேஷ் சந்திர தத்தர் தம் பொருளாதார வரலாற்றில் எடுத்தாண்டு, ஆட்சியின் கொடுமைக்கு எதிரான வலுவான கருவியாக்கினார். உண்மையைச் சொன்னவன் எந்தப் பக்கம் நின்று சொன்னாலும், அவ்வுண்மை ஒருநாள் ஏழையின் பக்கம் வந்து சேரும்.

மாணவமணிகளே! கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-இல் இயற்றப்பட்டது. ஆயினும் செங்கற்சூளைகளிலும் விசைத்தறிக் கூடங்களிலும் முன்பணம் என்னும் சொல் இன்னும் அச்சத்தோடு ஒலிக்கிறது. பிரம்பேந்திய சேவகன் இல்லை. ஆனால் தீராத கணக்கு இருக்கிறது. காரிமங்கலத்துச் சாலையிலிருந்து பேருந்தேறும் நம் பிள்ளை எந்தத் தாளில் கையெழுத்திடுகிறான், அதில் என்ன எழுதியிருக்கிறது என்பதைப் படித்துச் சொல்லக் கற்றவர் ஒருவராவது ஒவ்வொரு வீட்டிலும் வேண்டும். மன்றோ எண்ணிய பள்ளிகள் பத்தாண்டில் மூடப்பட்டன. நம் முன்னோர் ஊர்தோறும் நிதி திரட்டி எழுப்பிய கல்வி நிலையங்களோ இன்றும் நிற்கின்றன. அவற்றிற் பயிலும் நீங்கள் தேர்வுக்காக மட்டும் படியாமல், உழைப்பவனின் கணக்கைச் சரிபார்ப்பதற்காகவும் படிக்க வேண்டும்.

அடுத்தமுறை சென்னை செல்லும்போது தீவுத்திடலருகே சற்று நின்று அச்சிலையைப் பாருங்கள். குதிரையின் சேணத்தைத் தேட வேண்டா. அம்மனிதர் முதன்முதலில் இறங்கி நடந்த வயல்கள் நம்முடையவை என்பதையும், அவ்வயலோரத் தறிகளில் ஒலியடங்கிப் போனவர் நம்மவர் என்பதையும் நினையுங்கள். அந்நினைவே அவர் வாழ்விலிருந்து நாம் பெறும் பாடமாகும்.